பீஸுக்கு 50 பைசா

பி.காம் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றதும் நேர்கோட்டு முறையும் குறைந்துசெல் மதிப்பு முறையும்தான் ஞாபகம் வரும். இன்னொன்றும் உண்டு: உற்பத்தி அலகு முறை. இங்கே புனேயில், போசரி பக்கம் ஜாப் ஒர்க் பண்ணும் நம் ஊர்க்காரர்கள் லோன் கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கணக்கு ரொம்பச் சுலபம். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் ஒன்று 21 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பழைய இரும்பு விலைக்கு 1 லட்சம் தேறும். ஆயுள் முழுக்க 40 லட்சம் பீஸ் அடிக்கும். மீதி 20 லட்சத்தை 40 லட்சத்தால் வகுத்தால், பீஸுக்கு 50 பைசா. இந்த வருஷம் 6 லட்சம் பீஸ் ஓடினால் தேய்மானம் 3 லட்சம். அடுத்த வருஷம் ஆர்டர் படுத்து 2 லட்சம் பீஸ்தான் என்றால் 1 லட்சம். பத்து வருஷ நேர்கோட்டு முறையிலோ, ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 லட்சம்.

2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே ஆயுளை உற்பத்தி எண்ணிக்கையாலும் அளக்கலாம் என்கிறது. வருமான வரிக்கு மட்டும் இது எடுபடாது.

ஒரு குறையும் உண்டு. 2020 ஊரடங்கில் நின்றுபோன மெஷினுக்கு இந்த முறையில் தேய்மானம் பூஜ்யம். ஆனால் துருவுக்கு ஏது ஊரடங்கு? வட்டிக்கும்தான்!

இருந்தாலும் ரேட் பேசும்போது இந்தக் கணக்குதான் கைகொடுக்கும். கரண்ட், கூலி, வாடகை எல்லாம் போட்டுவிட்டு அந்த 50 பைசாவை விட்டுவிட்டால், லாபம் என்று மாதாமாதம் நாம் வீட்டுக்கு எடுத்துப்போவது மெஷினைத்தான், கொஞ்சம் கொஞ்சமாக.