கோடியக்கரையில் மூன்று நாள்

தை அமாவாசைக்கு முந்தைய நாள்

தஞ்சாவூரிலிருந்து தெற்கே இறங்கும் சேது சாலை, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் கால்நடையாகக் கடந்த வழியாகும்; அவ்வழியில் ஒரத்தநாடு, இராசாமடம், மணமேல்குடி, மீமிசல் எனத் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் தம் வீட்டுப் பெண்களின் பெயரால் சத்திரங்களை எழுப்பி, அவற்றை நடத்த நிலங்களையும் எழுதிவைத்தனர். சத்திரம் என்பது காசு வாங்காமல் சோறும் உறைவிடமும் தரும் இல்லம். இரண்டாம் சரபோஜி தம் துணைவி முக்தாம்பாள் பெயரில் 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம் இவற்றுள் பெயர்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு, அதாவது அரசவையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு, அவர் எழுதிய நீண்ட கடிதம், சத்திரங்கள் தம் குடும்பத்தின் கையிலேயே இருக்க வேண்டும் என்று வாதிடுவது. நோயுற்ற வழிப்போக்கருக்கு வைத்தியம், கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு ஆகியவற்றோடு, உண்ணாமல் எவரேனும் எஞ்சியிருந்தால் வரட்டும் என்று நள்ளிரவில் மணியடித்து அழைக்கும் வழக்கத்தையும் அது குறிப்பிடுகிறது. கோட்டைக்கு வெளியே நிருவாக அதிகாரத்தை 1799-இல் கம்பெனியிடம் இழந்த ஓர் அரசர், கோட்டைக்காகவோ படைக்காகவோ அன்றிச் சோற்றுக்கூடத்துக்காக இத்தனை பக்கம் எழுதியது கருதத்தக்கது.

சத்திரத்து அரிசிக் கணக்கும் ஆள் கணக்கும் மோடி எழுத்தில், அதாவது மராத்தியைக் கை எடுக்காமல் விரைந்தெழுத உதவிய சுழியெழுத்தில், பதிவாயின. இந்த நாட்டின் பழைய விடுதி நாட்குறிப்பு என்று சொல்லத்தக்கது அதுவே. 1855-இல் அரச மரபு முடிவுக்கு வந்தபின் சத்திரங்கள் அரசாங்க நிருவாகத்துக்குச் சென்றன. ஒரத்தநாட்டுக் கட்டடம் பின்னாளில் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது.

பட்டுக்கோட்டையில் சேது சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், அறுவடைக்கு நிற்கும் சம்பா வயல்கள் மெல்லக் குறைந்து, வேதாரணியத்தை நெருங்கும்போது உப்பளப் பாத்திகள் தொடங்குகின்றன. காவிரியின் கடைமடை, அதாவது வாய்க்கால் நீர் கடைசியாக வந்து சேரும் நிலம், இவ்விடத்தில் முடிகிறது. கோடியக்கரைக்கு வண்டி சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

தை அமாவாசை

சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து, சட்டென மேற்கே மடங்கும் முனை கோடியக்கரை. இதன் கடலை ஆதிசேது என்பர். ஆடியிலும் தையிலும் அமாவாசையன்று முன்னோர்க்குக் கடன் கழித்து நீராட விடியுமுன்பே கூட்டம் திரள்கிறது. இங்கு வந்து தங்குவோர் காலங்காலமாகக் கடலுக்காக வந்தவர்களே தவிர விலங்குக்காக வந்தவர்கள் அல்லர். 1967-இல் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகே மானையும் பறவையையும் காண்பதற்கென்று ஒரு விருந்தினர் கூட்டமும், வனத்துறையின் பூநாரை இல்லம் போன்ற தங்குமிடமும் உருவாயின.

இக்காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனப்படும். மழை குறைந்தும் இலை முற்றிலும் உதிராத, குட்டையும் நெருக்கமுமான மரங்களின் காடு என்பது பொருள். பாலை மரம் இதன் தலைமகன். மரம் விலகிப் புல்வெளி திறக்கும் இடத்தில் வெளிமான்கள் நிற்கின்றன. சங்கத் தமிழ் இரலை என்றும் புல்வாய் என்றும் அழைத்த இனம் இதுவே. ஆணின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்க, கொம்பு திருகாணி போல முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. பெண் மானுக்கு வெளிர்பழுப்பு நிறம், கொம்பில்லை. ஓர் ஆண் மான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து புழுக்கையிட்டுக் குவித்து, அதன்மேலேயே காவல்போல நின்றது. தன் எல்லையை அது அறிவிக்கும் முறை இது. அருகே காட்டுக் குதிரைகள் சில மேய்ந்தன. இவை பிறப்பிலேயே காட்டுயிர் அல்ல, வீட்டில் வளர்க்கப்பட்டு எப்போதோ கைவிடப்பட்ட மட்டக் குதிரைகளின் வழித்தோன்றல்கள். மானின் புல்லில் பங்கு கேட்பவை என்ற வழக்கும் இவற்றின்மேல் உண்டு.

மாலையில் வனத்துறையின் தண்ணீர்த் தொட்டியருகே புள்ளிமான்கள் வந்தன. கென்யாவின் அபர்டேர் காட்டில் 1932-இல் ஒரு தம்பதியர் மரத்தின்மேல் கட்டி நடத்திய ட்ரீடாப்ஸ் விடுதி இவ்விடத்தில் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. எலிசபெத் இளவரசி 1952-இல் அங்குத் தங்கியிருந்தபோதுதான் தந்தை இறந்து அவர் அரசியானார். அவ்விடுதியின் எதிரே நீர்க்குட்டையோடு, விலங்குகள் நக்க வரும் உப்புத்தரையும் இருந்தது. கோடியக்கரையில் உப்புக்கு எந்த விலங்கையும் அழைக்க வேண்டியதில்லை. மண்ணிலும் காற்றிலும் அது இருக்கிறது. இங்கு விருந்து என்பது நன்னீர். கன்று ஒன்று தொட்டியின் விளிம்பை எட்ட முடியாமல், கசிந்து வழிந்த ஈரத்தையே நெடுநேரம் நக்கியது.

மறுநாள்

வேதாரணியம் உப்பு என்றால் 1930 ஏப்ரல் 30-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இராஜாஜி அள்ளிய உப்பே தமிழருக்கு நினைவுக்கு வரும். பூநாரைக்கோ அந்த உப்பு படிந்த சதுப்பு நிலம் ஒரு சமையற்கட்டு. அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றுநீரை உறிஞ்சி வெளியே தள்ளும்போது, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பல் போன்ற அமைப்பு சிற்றுயிர்களை வடிகட்டி நிறுத்திவிடுகிறது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு அவற்றின் போக்கை அறியும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 2002-இல் இந்நிலம் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையில், சேர்ந்தது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் இப்பகுதியில்தான் கரையேறியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் இறந்தன. திறந்த இடங்களில் சீமைக் கருவேலம் முந்திக்கொண்டு தழைப்பது கண்ணுக்கு உறுத்தலாகவே படுகிறது.

புறப்படும் வேளையில் நீராட வந்தோரின் வேன்கள் ஒன்றுமில்லை. சாலையோரத்தில் அவர்கள் விட்டுச்சென்ற தண்ணீர் பாட்டில் ஒன்றை நாட்டுக்குரங்கு எடுத்து, மூடியைக் கடித்துத் திறந்து, அடியில் நின்ற கொஞ்சத்தையும் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தது.