பழைய ஹெரால்டும் எரிந்த கற்களும்



நெகேமியாவின் நான்காம் அதிகாரத்தில் சன்பல்லாத்து கேட்கிற கேள்விகளை வாசித்திருப்பீர்கள். எருசலேமின் அலங்கத்தைக் கட்ட வந்தவர்களைப் பார்த்து, தன் ஆட்களுக்கு முன்பாக ஏளனமாய் அவன் கேட்டவை அவை. கடைசிக் கேள்வி கற்களைப் பற்றியது. நெருப்பில் வெந்து குப்பையோடு குப்பையாய்க் கிடக்கிற கல்லை எடுத்து மறுபடியும் சுவராக்க முடியுமா என்கிறான். ஏளனமாய்க் கேட்டாலும் அது விவரமறிந்தவன் கேட்ட கேள்வி. எருசலேமின் கல் சுண்ணாம்புக்கல். கடும் நெருப்பில் வெந்த சுண்ணாம்புக்கல் பலமிழந்து உதிரும். கட்டட வேலை தெரிந்த எவரும் அந்தச் சந்தேகத்தை எழுப்பியிருப்பார். ஆகவே சன்பல்லாத்தைச் சத்துரு என்று ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்வியையும் சேர்த்து ஒதுக்கிவிட முடியாது.

அதே கேள்வியைச் சில மாதங்களாக இராஜபாளையத்தில் நம் சபையாரிடையேயும் கேட்கிறேன். ஒரு காரைப் பற்றியும் கேட்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, ஒரு மனிதரைப் பற்றியும் கேட்கிறார்கள். தகப்பன், மகன் இருவருடைய சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

தகப்பன் நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் குடி அவரை வைத்திருந்தது. வேலை போயிற்று; மனைவியும் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டுக்குப் போனார்கள். மூன்று மாத சிகிச்சைக்குப் பிறகு சென்ற ஆண்டு வீடு திரும்பினார். அவர் வந்த மாதத்திலேயே தகப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை விலை பேசி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, தம் வீட்டுப் பின்புறத்தில் இறக்கினார். “இந்த வயதில் இது எதற்கு?” என்று கேட்டேன். “எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வராது, ஐயா. கையில் ஒரு வேலை இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம்” என்றார்.

இளையவர்களுக்காக அந்தக் காரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோத்தி. சென்னைக்கு அருகே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இங்கே அதைத் தயாரித்தது. தொடக்கத்தில் இரண்டே கதவுகள். நான்கு கதவுகள் கொண்ட மார்க் 3 வந்தது 1968இல்தான். நம்மவர் வாங்கியது இரண்டு கதவு வண்டி. பானட்டைத் திறந்தால் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பாகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து, எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். சேசிஸ் தனி, அதன்மேல் கூடு துண்டு துண்டாகப் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. இலண்டனில் அறிமுக விழாவின்போது உதிரிப்பாகங்களை மேடைக்குக் கொண்டுவந்து சில நிமிடங்களில் ஒரு காரையே பூட்டிக் காட்டினார்களாம். இங்கே இருவர் மாதக்கணக்காய்ப் பாடுபட்டும் ஒரு கதவு இன்னும் சரியாகச் சாத்தவில்லை. புதிதாய்ப் பூட்டுவதற்கும் கெட்டதைத் திருப்புவதற்கும் உள்ள தூரம் அது.

அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். மதராஸ் மாநிலம், இராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கிறது. மாநிலத்தின் பெயர் 1969இல் மாறிற்று. மாவட்டம் 1985இல் பிரிந்தது. ஊர் அதே ஊர்.

முதல் வேலை எஞ்சின். பிஸ்டன்கள் உருளைக்குள் இறுகிப்போயிருந்தன. பலம் கொண்டு திருகினால் ரிங்குகள் முறியும், உருளையின் உட்சுவர் கீறும். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு விட்டுவிட்டார்கள். மகன் தினமும் மாலையில் கொஞ்சம் ஊற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பானரை மாட்டி, முன்னும் பின்னுமாய் மெல்ல அசைத்துப் பார்ப்பார். அசையாது. மூடிவிட்டுப் போவார். ஆறு வாரம் இப்படியே. ஏழாவது வாரத்தில் விரற்கடை அசைந்தது. அன்று இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையாம்; தகப்பன் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

அடுத்தது கூடு. நெகேமியா அலங்கத்தைப் பற்றி ஒருவரிடமும் பேசுமுன் இரவில் எழுந்து சில மனிதரோடு சுற்றிப் பார்த்தார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்லுகிறது. ஓரிடத்தில் இடிபாட்டினால் அவருடைய வாகனமாகிய மிருகம் கடந்துபோக வழியில்லாதிருந்தது. தகப்பனும் அப்படியே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காரின் கீழே படுத்து, அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஓரளவு நல்ல கார். ஆனால் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் இறங்கிற்று. எப்போதோ ஒரு டிங்கரிங் பட்டறையில் துருவின்மேல் விரற்கனத்துக்குப் பட்டி அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். மேலே பளபளப்பும் கீழே அரிப்புமாய்ப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன.

எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒருவன் உறுதியில்லாத சுவரை எழுப்ப, மற்றவர்கள் அதன்மேல் பூச்சுப் பூசுகிறார்கள். பெருமழை வரும்போது எல்லாம் விழுகிறது. கர்த்தருடைய கோபம் அங்கே பூசினவர்கள்மேலும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சுவரைக் கட்டினவனை விடப் பூசினவர்களைக் குறித்தே அதிகம் பேசப்படுகிறது. இந்த வேதபகுதி ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் எழுதப்பட்டது என்றே நான் எண்ணுகிறேன்.

துருவுக்கு ஒரே வழி, நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டி எடுப்பது. எவ்வளவு வெட்டுவது என்பதை முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. நல்ல உலோகம் எங்கே தொடங்குகிறதோ அதுவே எல்லை. ஹெரால்டில் இன்னொரு அபாயம் உண்டு. கதவு அகலம், அடித்தகட்டை வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்து வளையும். வளைந்தபின் வெல்டிங் வைத்தால் கதவு ஒருநாளும் பொருந்தாது. ஆகையால் வெட்டுமுன் கதவின் இடைவெளிக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்துத் தாங்குகொடுக்க வேண்டும். அந்தத் தாங்கு காரின் பாகமன்று. வேலை முடிந்ததும் அதை அறுத்து எறிவார்கள். ஆனாலும் அது இல்லாமல் வெட்டத் தொடங்கினால் வண்டி பாழ். தகப்பனிடம் இதைக் கேட்டறிந்தபோது, மாலைதோறும் அவர் அந்தக் கொட்டகையில் ஏன் நிற்கிறார் என்பது எனக்கு விளங்கிற்று.

இந்த நடுவில் உறவுக்காரப் பையன் ஒருவன் சென்னையிலிருந்து வந்தான். இயந்திரங்களில் ஆர்வமுள்ளவன். “தாத்தா, பழைய எஞ்சினைத் தூக்கிப் போடுங்கள். மாருதி எஞ்சினை வைத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, ஹாட் ராட் ஆக்கிவிடலாம்” என்றான். அமெரிக்காவில் அது பெரிய கலை. 1932ஆம் ஆண்டின் போர்டு வி8 கூப்பே போன்ற பழைய கார்களை மலிவாய் வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, எஞ்சினைப் பலப்படுத்தி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் இதில் இறங்கினார்கள். அழகான வண்டிகள்தான், நான் குறை சொல்லவில்லை. நம் நாட்டிலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. மறுபுறம், 2021இல் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டி சேசிஸும் கூடும் எஞ்சினும் பெரிதாய் மாற்றப்படாமல் பேணப்பட்டிருந்தால் அதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம்.

பிட்டர் சட்டத்தை எடுத்துப் பேசவில்லை. “அப்படிச் செய்தால் இந்தக் கார் எங்கே இருக்கும்?” என்றார்.

மகன் தலைநிமிராமல் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

நம்மில் பலர் மனந்திரும்புதலை ஹாட் ராட் என்றே நினைக்கிறோம். பழைய ஆள் முழுவதும் காணாமற்போய், வேறு எஞ்சின், வேறு சத்தம், வேறு வேகத்தோடு ஒருவர் வந்து நிற்க வேண்டும். புதுசிருஷ்டி என்று பவுல் எழுதியதை அப்படி வாசித்துவிடுகிறோம். பேதுருவைப் பாருங்கள். மறுதலித்தவரைக் கடற்கரையில், கரிநெருப்பின் அருகே, ஆண்டவர் மூன்று முறை கேட்டுத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பின்னும் பேதுரு பேதுருவாகவே இருந்தார். முந்திப் பேசுகிற அதே நாவினால் பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தார். மனுஷருக்கு அஞ்சுகிற அதே பயம் அந்தியோகியாவில் மறுபடியும் தலைகாட்டிற்று; பந்தியிலிருந்து விலகிக்கொண்டார்; பவுல் முகமுகமாய்க் கடிந்துகொண்டார் (கலாத்தியர் 2). அதனால் அவருடைய அப்போஸ்தல ஊழியம் பொய்யென்று ஒருவரும் சொல்லவில்லை. நம் சபையில் அது நடந்திருந்தால் சொல்லியிருப்போம்.

முன்சக்கர வேலையில் நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் அடிமுனை மரையாக வெட்டப்பட்டு, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ட்ரனியன் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுழலும். அதற்குக் கியர் ஆயில் கொடுக்க வேண்டும் என்பது தயாரித்தவர்களின் குறிப்பு. ஆனால் நம் பட்டறைகளிலும் பிறநாட்டுப் பட்டறைகளிலும் பலர் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மேலே பிதுங்கி நிற்கும், பார்ப்பவருக்குத் திருப்தி. அடிமரைக்கு அது இறங்காது. அங்கே நீர் தேங்கி, தண்டு அரித்து, ஒருநாள் வண்டியை மெதுவாய்த் திருப்பும்போது முறிந்து சக்கரம் மடங்கும். அந்தக் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தகப்பன் சொன்னார்: “சிகிச்சை முடிந்து வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாரும் இவனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஐயா. எல்லாம் கிரீஸ்.” மகன் சிரித்தார். ஓராண்டில் நான் கண்ட அவருடைய முதல் சிரிப்பு. நானும் அந்த வீட்டுக்குப் பலமுறை போனவன் என்பதால் சேர்ந்து சிரித்துக்கொண்டேன்.

சென்ற மாதம் அவருடைய மனைவி மகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை வந்தார். தங்கவில்லை. பிள்ளை இருக்கை இல்லாத காருக்குள் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறும் வருவார்களா என்று அவர் கேட்கவில்லை. வருகிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார்கள்.

சபையில் இரண்டுவிதப் பேச்சு உண்டு. இது எத்தனை நாளைக்கு என்கிறவர்கள் ஒருபுறம். அவர்களுக்குச் சன்பல்லாத்தின் கேள்வியே போதும். மற்றவர்கள் அன்புள்ளவர்கள், அடுத்த உபவாச ஜெபத்தில் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும் என்று என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். மறுத்துவிட்டேன். பிரைமர் காயாத தகட்டின்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லுகிறார்கள். அவர் சொல்ல விரும்புகிற நாளில் சொல்லுவார், சொல்லாமலும் இருக்கலாம். நெகேமியாவின் சுவர் ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது என்று ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதே புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், அவர் ராஜாவிடம் போய்த் திரும்பி வந்து பார்க்கையில், சீர்ப்படுத்தியவற்றுள் பல மறுபடியும் கெட்டுக் கிடந்தன; திரும்பவும் தொடங்கினார்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்கு அவர் வருகிறார். தகப்பனோடு இடப்புறம் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். கார் இன்னும் ஓடவில்லை. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். இடக்கதவு சாத்துவதற்கு இன்னும் அரை விரற்கடை இருக்கிறது. பின்கண்ணாடியைச் சுற்றிப் போடுகிற ரப்பர் எங்கும் கிடைக்கவில்லை. உங்களில் யாருடைய வீட்டுப் பரணிலாவது பழைய ஹெரால்டின் கண்ணாடி ரப்பர் இருந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம். ஆராதனை முடிந்ததும் அவரிடமே போய்ப் பேசுங்கள்.