இரவல் போன இளைஞர்

கோடை வந்துவிட்டால் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகரிடையே வழக்காடு மன்றம் கூடிவிடும். யாரை வாங்குவது, யாரை விற்பது, எந்த இளைஞரைப் பிற கழகத்திற்கு இரவலாக அனுப்புவது என்பனவே வழக்குகள்.

2013ஆம் ஆண்டுக் கோடையில் வட இலண்டனின் டாட்டன்ஹாம் கழகம் கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்று, புதியவர் எழுவரை வாங்கிற்று. அவ்வெழுவர் பெயரையும் மனப்பாடமாய்ச் சொல்லி மகிழ்ந்தோருள் நானும் ஒருவன். அக்கழகத்திலேயே வளர்ந்த ஹாரி கேன், அதற்குள் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என நான்கு கழகங்களுக்கு இரவல் போய்த் திரும்பியிருந்தார். "நான்கு இடத்தில் நிலைக்காதவர் இங்கா நிலைக்கப் போகிறார்? விற்றுவிடலாம்" என்று நண்பரிடம் வாதிட்டேன்.

2014-15 பருவத்தில் அவர் 31 கோல்கள் அடித்தார். 2023இல் பாயர்ன் மியூனிக் சென்றபோது, 280 கோல்களுடன் டாட்டன்ஹாம் வரலாற்றிலேயே மிகுதியாகக் கோல் அடித்தவராக விடைபெற்றார். நான் போற்றிய எழுவருள் ஒருவரும் அவ்வெண்ணை நெருங்கவில்லை.

இரவல் போவோர் அனைவரும் இவ்வாறு உயர்வதில்லை, உண்மை. ஆயினும், நான் தோல்வியாகக் கணக்கிட்டவை அவருக்குப் பயிற்சிக் களங்களாயிருந்தன. குறைந்திருந்தது அவர் திறன் அன்று; நம் பெரியோர் ‘ஸபுர்’ எனக் கற்பித்த என் பொறுமையே.

மாணவர் ஒருவரைப் பற்றி, "இவருக்கு இவ்வளவுதான்" என்று எழுத முற்படும்போதெல்லாம், அன்றைய வாதம் நினைவில் எழுந்து என் எழுதுகோலைத் தடுத்து நிறுத்துகிறது.