காலையில் மட்டும் கேட்கும் ஓசை

பழைய மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுவோர் முதலில் பார்ப்பது பெயிண்டை, அடுத்து டயரை, அதன்பின் ஓடிய கிலோமீட்டர்க் கணக்கை. எஞ்சினின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்போர் சிலரே. அதிலும், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின் காலையில் இயங்கத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று விநாடிகளைக் காத்திருந்து கேட்போர் மிகச் சிலர். வாங்குபவர் அறிந்தே தீரவேண்டிய செய்தியொன்று பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளில்தான் வெளிப்படுகிறது.

பட்டறைகளில் 'டைமிங் செயின்' என்று வழங்கும் சங்கிலியைப் பற்றியது அச்செய்தி. எஞ்சினின் அடிப்பகுதியில் பிஸ்டன்களோடு இணைந்து சுழல்வது கிராங்க் தண்டு. மேற்பகுதியில் சுழன்று வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது கேம் தண்டு. கிராங்க் இருமுறை சுற்றும் நேரத்தில் கேம் ஒரேயொரு முறை சுற்ற வேண்டும், இம்மியும் பிசகலாகாது. கிராங்க் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது கேம் 1,500 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இத்தனை விரைவில் இரண்டையும் ஓர் ஒழுங்கில் பிணைத்து வைத்திருப்பது அந்தச் சங்கிலியே.

காலத்தை அளக்கும் பணியில் சங்கிலியை ஈடுபடுத்தியது மனிதனுக்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தின் கைஃபெங் நகரில் சூ சோங் அமைத்த வானியல் கடிகாரக் கோபுரத்தில் முடிவில்லாச் சங்கிலியொன்று ஓடியது. தியார்பக்கிரில் வாழ்ந்த அல் ஜஸரீ 1206இல் முடித்த இயந்திர நூலில், சுழலும் தண்டில் முளைகளைப் பொருத்தி உறுப்புகளை முறைப்படி இயக்கும் அமைப்பைக் காண்கிறோம். மான்செஸ்டரில் குடியேறிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய எஞ்சினின் சங்கிலி இந்த நெடிய மரபின் வழி வந்ததே.

"பெல்ட் வண்டி வேண்டாம்; செயின் வண்டி வாங்குங்கள். அதற்குச் செலவே கிடையாது" என்பது தரகர்களின் வாடிக்கையான பேச்சு. இதில் பாதி உண்மை உண்டு. ரப்பர் பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேடு வரையறுக்கும். சங்கிலிக்கோ பெரும்பாலும் அத்தகைய வரையறை இல்லை. வரையறை இல்லை என்பதை அழிவே இல்லை என்று பொருள்கொள்வதில்தான் வினை தொடங்குகிறது.

சங்கிலி நீள்கிறது என்கிறோம். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் அதைச் சூழ்ந்த துளையும் உராய்ந்து தேய்கின்றன. கிராங்கிலிருந்து கேம் வரை இறுகி ஓடும் பக்கத்தில் 40 கண்ணிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்ததாகவும் கொள்வோம். மொத்தம் 2 மில்லிமீட்டர். கேம் சக்கரத்தின் சுற்றளவு 320 மில்லிமீட்டரானால், கேம் இரண்டேகால் பாகை பின்தங்கும்; கிராங்கின் கணக்கில் இது நாலரைப் பாகை. கண்ணுக்குத் தெரியாத தேய்வு, வால்வு திறக்கும் நேரத்தையே தாமதமாக்கிவிடுகிறது.

இத்தேய்வுக்கு முதற்காரணம் ஆயில். டீசல் எஞ்சினின் ஆயிலில் கரித்துகள் சேர்ந்துகொண்டே இருக்கும். உரிய காலத்தில் மாற்றாவிடில் அதுவே ஊசிகளை அராவும் பொடியாகிறது. மேலும், தளர்ந்த சங்கிலியை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் பல எஞ்சின்களில் ஆயிலின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. இரவில் ஆயில் வடிந்துவிட, காலையில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த சங்கிலி உறையில் மோதிச் சலசலக்கிறது. அழுத்தம் ஏறியதும் ஓசை அடங்குகிறது. காலை ஓசையின் மர்மம் இதுதான்.

நம் தங்கை மகன் வாடகைக்கு ஓட்டப் பழைய டீசல் கார் ஒன்றை வாங்க எண்ணித் திருநெல்வேலிக்கு நம்மை உடன் அழைத்தான். கணவரை இழந்த தங்கையின் கைவளைகள் இரண்டும் விற்கப்பட்டு, அப்பணம் அவன் பையில் இருந்தது. நாம் சென்றபோது தரகர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். பானெட்டில் கைவைத்தால் சுட்டது. எஞ்சின் தெளிவாக ஓடிற்று. மருமகனின் முகம் மலர்ந்தது. நாமோ, மறுநாள் பஜ்ருத் தொழுகை முடிந்து வருவதாகவும், அதுவரை வண்டியைத் தொடவேண்டாமென்றும் சொல்லித் திரும்பினோம்.

மறுநாள் பழகிய மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் சென்றோம். சாவியைத் திருப்பியதும், தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போன்ற சத்தம் மூன்று விநாடி கேட்டு அடங்கிற்று.

"டீசல் வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றார் தரகர்.

"மாமா, மூணு செகண்டுதானே?" என்று மெல்லக் கேட்டான் மருமகன்.

மெக்கானிக் யாருக்கும் மறுமொழி சொல்லவில்லை. "அவசரப்பட்டுச் செயின்னு சொல்லக்கூடாது பாய். ஒண்ணொண்ணாக் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

அவர் கழித்த முறை கவனிக்கத் தக்கது. எஞ்சினை ஆறவிட்டு, ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினார். சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே ஆல்டர்னேட்டரின் பேரிங் குற்றவாளியன்று. நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைச் சங்கிலி உறையில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். வால்வு மூடியருகேயும் கேட்டார். சத்தம் உறையின் பக்கமே மிகுந்திருந்தது. ஸ்கேனர் கருவியில் பிழையெண் எதுவும் இல்லை. கேமும் கிராங்கும் ஒத்துவராதபோது தோன்றும் பி0016 என்ற எண்ணைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். தரகர் நிமிர்ந்தார். "எண் இல்லேன்னா கோளாறு இல்லேன்னு அர்த்தமில்ல, அண்ணாச்சி. விலகல் அளவு மீறினாத்தான் கம்ப்யூட்டர் சொல்லும். இருந்த எண்ணை அழிக்கவும் ஒரு நிமிஷம் போதும்" என்றார் மெக்கானிக்.

இறுதிச் சோதனை பட்டறையில் நடந்தது. எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கிராங்கைப் பூட்டும் பின்னைச் செருகினார், பொருந்திற்று. கேமைப் பூட்டும் பின்னைச் செருகினார். துளை சிறிது விலகியிருந்தது. வாதத்திற்கு இனி இடமில்லை.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பெரியவர். செய்தி கேட்டுத் திகைத்தார். வாரண்டி முடிந்தபின் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்பியதன்றி முழுமையாக மாற்றியதில்லை என்று மறைக்காமல் சொன்னார். "திறந்து பாருங்கள்; பழுது இருந்தால் செலவு என்னுடையது" என்ற அவர் சொல்லில் நேர்மை இருந்தது. தரகர் அதற்குமேல் நிற்கவில்லை.

உறையைத் திறந்தபோது, சங்கிலி உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. அதன் ஓரம் உடைந்திருந்தது. டென்ஷனரின் தண்டு தன் எல்லையை ஏறக்குறைய எட்டியிருந்தது. உடைந்த துண்டுகள் அடியிலுள்ள சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையில் சிக்கியிருந்தன. சல்லடை அடைத்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சங்கிலி மேலும் தளரும். ஒரு பழுது இன்னொரு பழுதைப் பெறுகிறது. இந்நிலையில் ஓட்டியிருந்தால் சங்கிலி பல் தாண்டியிருக்கும். கேம் சக்கரத்தில் 40 பற்களானால், ஒரு பல் தாண்டுவது கிராங்கில் 18 பாகை. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகச் சிறிது. இரண்டும் மோதினால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும். தங்கையின் வளைகள் ஒரு நொடியில் இரும்புத் துண்டுகளாகியிருக்கும்.

சங்கிலி, கைடுகள், டென்ஷனர், பற்சக்கரங்கள் அனைத்தும் புதிதாயின. சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய சக்கரத்தில் பூட்டினால், தேய்ந்த பற்கள் புதிய சங்கிலியையும் விரைவில் கெடுக்கும். பெரியவர் சொன்ன சொல் தவறவில்லை; மருமகன் வண்டியை வாங்கினான். ஆயில் மாற்றும் நாளும் கிலோமீட்டரும் இன்று அவனுடைய நோட்டில் ஏறுகின்றன.

வாங்கும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவே. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் செல்லுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். சங்கிலி எந்தப் பக்கம் இருக்கிறதென்றும் விசாரியுங்கள். 2007இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. என்47 டீசல் எஞ்சினில் அது பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் அமைந்தது. அத்தகைய எஞ்சினைத் திறப்பதே பெரும் வேலை. விற்கும் அன்பர்களுக்கும் ஒன்றுண்டு: வண்டியின் குறையை வாங்குபவர் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். விலையில் சிறிது குறையலாம். இன்னொரு குடும்பத்தின் பிழைப்பு நடுச்சாலையில் நின்றுபோகாது.