விடை இருக்கிறது, வழி எங்கே?

கணக்கு வாத்தியாரிடம் குட்டு வாங்காத வாசகர் யாராவது உண்டா? இருந்தால் அவருக்கு ஒரு நமஸ்காரம். நான் அந்த ரகம் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் போதாதென்று எனக்கு வீட்டிலும் ஒருவர் இருந்தார். அப்பாவைத்தான் சொல்கிறேன். "வழி எழுதாமல் விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது" என்பது அவருடைய வேதவாக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவை எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கினார்கள். நீளமான நோட்டுப் புத்தகத்தில் பைசா பிசகாமல் எழுதி வந்தார். காலேஜ் படித்த பிள்ளை சும்மா இருப்பேனா? "இந்தக் காலத்தில் நோட்டுப் புத்தகமா?" என்று 2023-24 வருஷத்துக் கணக்கு முழுவதையும் எக்ஸெலில் ஏற்றினேன்.

வருஷாந்தரக் கூட்டத்தில் கணக்கை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். பாங்கியில் இருக்க வேண்டிய பணத்தைவிட இருந்த பணம் 18,500 ரூபாய் குறைவு! யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைக் கனைத்துக் கொண்டார். "பாவம், ஸாருக்கு வயசாகிவிட்டது" என்று ஒரு குரல் அனுதாபப்பட்டது. அந்த அனுதாபம்தான் தாங்க முடியவில்லை.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. பில்களை அடுக்கி வைத்துத் தாளோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூட விடுபடவில்லை.

"பென்ஷன் பணத்திலிருந்து கட்டிவிடுகிறேன்" என்றார் மெல்ல. எனக்குச் சுருக்கென்றது.

சிறிது நேரம் கழித்து, "கூட்டல் சரிதானா?" என்றார்.

"மெஷின் கூட்டலில் தப்புப் பண்ணாது, அப்பா!"

"விடை இருக்கிறது, வழி எங்கேடா?"

"வழி கட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. வெளியே தெரியாது."

"ஒளிந்திருக்கிற வழிக்கு நான் மார்க் போடுவதில்லை. அச்சடித்துக் கொண்டு வா!"

கேளுங்கள் வாசகரே, காரியம் வெகு சுலபம். விசைப்பலகையில் எஸ்கேப்புக்குக் கீழே, 1-க்கு இடது பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்ட விசை அநாதையாகக் கிடக்கும். கண்ட்ரோலோடு சேர்த்து அதை அழுத்தினால், கட்டங்களில் விடைகள் மறைந்து சூத்திரங்கள் வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் பழையபடி விடைகள். 'பார்முலாஸ்' பகுதியில் 'ஷோ பார்முலாஸ்' என்பதும் இதே வேலையைச் செய்யும். பத்திகள் அகன்றுவிடும் என்பதால், தாளைப் படுக்கை வசமாக வைத்து, அகலம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி அமைக்க வேண்டும். 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'ஹெடிங்ஸ்' என்பதன் கீழே 'பிரிண்ட்' என்று குறியிட்டால், ஏ, பி, சி என்ற பத்தி எழுத்துக்களும் வரிசை எண்களும் கூடவே அச்சாகும். அவை இல்லாவிட்டால், சூத்திரம் சொல்கிற கட்டம் எங்கே இருக்கிறதென்று தேடித் திண்டாட வேண்டியதுதான்.

தாளை வாங்கியதும் அப்பா திடுக்கிட்டார். "தேதி இருந்த இடத்தில் 45017 என்கிறதே, இது என்ன கூத்து?"

1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு எக்ஸெல் நாட்களை எண்ணுகிறது. 2023 ஏப்ரல் 1 அதன் கணக்கில் 45017. இதைச் சொன்னதும், "பரவாயில்லை, அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது" என்று சமாதானமானார். சிவப்புப் பென்சில் கீழே இறங்கி, மொத்தத்தில் வந்து நின்றது.

"டி6 முதல் டி97 வரை கூட்டு என்றிருக்கிறது. ஐந்தாம் வரி என்ன பாவம் பண்ணியது?"

ஐந்தாம் வரி, ஏப்ரல் 1-ஆம் தேதி மோட்டார் ரிப்பேர் பில். ரூபாய் 18,500! தாமதமாக வந்த பில் அது. தேதி வரிசைப்படி அதற்குத் தலைப்பில் இடம் கொடுக்க, முதல் வரிக்கு மேலே புது வரி ஒன்றை நுழைத்தவன் நானேதான். நடுவில் நுழைத்திருந்தால் சூத்திரம் தானாக நீண்டிருக்கும். மேலே நுழைத்ததால், பழைய வரிகளோடு அதுவும் ஒரு படி கீழே நகர்ந்துவிட்டது. மெஷின் தப்புப் பண்ணவில்லை, சொன்னதைச் செய்தது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. பேராசிரியர்களான கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல் தேசங்களின் கடனைப் பற்றி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்ஸெல் தாளை வாங்கிப் பார்த்தார். வேறு சில குறைகளோடு, 49-ஆம் வரி வரை போக வேண்டிய ஒரு சராசரி 44-லேயே நின்றிருந்ததையும் கண்டுபிடித்தார். 20 தேசங்களில் 5 தேசங்கள் வெளியே! அந்தத் தவறைப் பேராசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

மறு கூட்டத்தில் நான் எழுந்து, "தப்பு என்னுடையது" என்றேன். விட்டத்தைப் பார்த்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எங்கள் சங்கத்தில் கணக்குக்கு இரண்டு தாள்: ஒன்றில் விடை, மற்றதில் வழி.

"எனக்கு எத்தனை மார்க், அப்பா?" என்று கேட்டேன்.

"விடைக்குப் பூஜ்யம். வழியைக் காட்டினாயே, அதற்காகப் பாஸ்!" என்றார். அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.