எட்டாம் வகுப்பில் வந்த ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் புதுமனை புகுவிழாப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

காபி குடித்துக்கொண்டே, "டீச்சர், ஆணியில கம்பி சுத்தி மின்காந்தம் செஞ்சு காட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான். நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று அவன் கேட்டான்: "கம்பி ஒட்டி ஒட்டித்தானே இருக்கு டீச்சர், கரண்ட் சுத்திச் சுத்திப் போகாம குறுக்கால போயிடாதா?"

"வார்னிஷ் பூசியிருக்கு, போகாது. உனக்கு எல்லாத்துலயும் குறுக்கு வழிதான், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் அவன் வேறு கேள்வி கேட்கவில்லை.

"இப்ப என் சம்பளமே அந்தக் குறுக்கு வழியிலதான் வருது டீச்சர்" என்றான் சிரித்துக்கொண்டே.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

துணைமின் நிலையத்தில் இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் காகிதம் சுற்றிய செப்புச் சுருள்கள் எண்ணெயில் மூழ்கி இருக்கும். எங்காவது ஒரு சின்னக் குமிழி மாட்டிக்கொண்டால், அந்த இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பொறி வெடிக்கும். பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். அதை அளக்கும் அலகு பிக்கோகூலும். ஒரு கூலுமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! டிரான்ஸ்ஃபார்மர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு பொறியும் கரையான் மாதிரி காப்பை அரிக்கும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் காப்பு மொத்தமாக உடையும்.

பொறி உள்ளே, அளக்கும் கருவி வெளியே. செய்தி எப்படி வந்து சேரும்? இங்கேதான் அவன் கேள்வி வருகிறது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள், நடுவில் காகிதம் என்றால் அது ஒரு மின்தேக்கி. துடிப்பு மிக வேகமானதாக இருந்தால், கம்பிச் சுருள் அதைத் தடுக்கும், மின்தேக்கி வழிவிடும். அதனால் துடிப்பில் ஒரு பகுதி சுற்றுக்குச் சுற்று குறுக்காகக் கடந்து உடனே முனைக்கு வந்துவிடுகிறது. மீதி சுருள் வழியே அலையாக, சில மைக்ரோ விநாடி தாமதித்து வருகிறது. வரும் வழியில் தேய்ந்து, உருவம் மாறி வருகிறது. ஆழத்தில் நடந்த பெரிய பொறிகூட முனையில் சின்னதாகத் தெரியலாம். அதனால் கருவி காட்டும் அளவை 'தோற்ற மின்னூட்டம்' என்றுதான் சொல்வார்களாம், உண்மை அளவு என்று சொல்வதில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. பொறிக்குச் சத்தமும் உண்டு. தொட்டியின் வெளிச்சுவரில் பல இடங்களில் உணரிகளை ஒட்டி வைக்கிறார்கள். மின்துடிப்பு வந்ததும் கடிகாரம் ஓடும். எண்ணெயில் ஒலி விநாடிக்குச் சுமார் 1400 மீட்டர் போகும். ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.7 மில்லி விநாடி. எந்த உணரிக்கு எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் இடம் பிடிபடும். "மின்னலும் இடியும் கணக்கு. நீங்க நடத்தினதுதான் டீச்சர்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் ஆறுதல்.

நான் அன்று சொன்ன பதில் பேட்டரி கரண்டுக்குச் சரிதான். ஆனால் அவன் கேள்வி என் பதிலைவிடப் பெரியது. "நல்ல கேள்வி, எனக்குத் தெரியல, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் சிரிக்க வைத்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க டீச்சர்" என்று சொல்லி விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளே, பின் பெஞ்சிலிருந்து கேள்வி சின்னதாகத்தான் வந்து சேரும். உள்ளே எவ்வளவு பெரிதாக இருந்ததோ! உட்கார வைத்துவிடாதீர்கள்.

நான் அப்படி உட்கார வைத்த வேறு யாராவது இருந்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.