பாதி ஆன்டெனா மண்ணுக்குள்ளே!

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய டி.வி. ஆன்டெனா இன்னும் நிற்கிறதா? எண்பதுகளில் இலங்கை ரூபவாஹினிக்காக அதைத் திருப்பித் திருப்பியே கை ஓய்ந்த தலைமுறை நம்முடையது. மேலே அண்ணன், கீழே தம்பி. ‘‘தெரியுதாடா?’’ ‘‘இல்லண்ணே... இன்னும் கொஞ்சம் அங்கிட்டு!’’

அப்புறம் கேபிள் வந்தது. ஆன்டெனாவில் காக்கா உட்கார்ந்தது. இனி இந்த ஜென்மத்தில் ஆன்டெனா பிடிக்க வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். 2024-ல் திண்டுக்கல்லிலிருந்து வாத்தியார் கூப்பிட்டார். ‘‘தம்பி, ஒரு கம்பம் நடணும். பிடிக்க ஆள் வேணும்.’’

ரிட்டையர்டு இயற்பியல் ஆசிரியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தார். காரணம் எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது கத்துக்குட்டி நிருபர். வாத்தியாரின் மகள், மருமகன், பேரன் மூவரும் போர்ட் பிளேயரில். இங்கிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். சுனாமியில் போன் செத்துவிட்டது. ‘‘பத்திரிகைல இருக்கீங்க, ஏதாச்சும் தெரியுதா தம்பி?’’ என்று மணிக்கொரு தரம் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்த மாத ஆரம்பத்திலேயே அந்தமான் போயிருந்தது. உலகத்து ஹாம்களோடு பேசுகிற பொழுதுபோக்குக்காகப் போனவர்கள். பூமி ஆடிய அன்று பொழுதுபோக்கு ஓரமாகப் போனது. ‘இன்னார் நலம்’ என்ற சேதிகள் அவர்களுடைய ஆன்டெனா வழியாக இந்தக் கரைக்கு வர ஆரம்பித்தன. மூன்றாம் நாள், முகம் தெரியாத ஒரு ஹாம் வாத்தியாருக்குப் போன் போட்டு மூன்றே வார்த்தை சொன்னார். ‘‘மூணு பேரும் நல்லாயிருக்காங்க.’’

‘‘யாருன்னு கேக்கத் தோணல தம்பி. நன்றிகூடச் சொல்லல’’ என்பார் வாத்தியார்.

நத்தம் ரோட்டில், சிறுமலை தெரிகிற அவர் வீட்டுக் கொல்லையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலைநீளத்தில் கால்வாசி உயரம் வேண்டுமாம். 14 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 5 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பமா? இல்லை. ஒரே அலுமினியக் குழாயில் நடுநடுவே ‘டிராப்’ வைத்திருந்தார். பி.வி.சி. துண்டில் கேபிளைச் சுற்றி அவரே செய்த காயில்கள்.

‘‘நம்மூர்ப் பூட்டுன்னு வச்சுக்கங்க. தனக்குன்னு உள்ள அலை வந்தா பூட்டிக்கும். மேல உள்ள குழாய் இல்லாத மாதிரிதான். அதைவிடக் குறைஞ்ச அலைவரிசை வந்தா மேல போக விட்டுரும்.’’

காயில்கள் சேர்ந்ததால் மொத்த உயரமும் 7 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. அடியில் ஒரு எர்த் கம்பியை அடித்தோம். மீட்டரைப் பார்த்தார். திரும்பி வருகிற பவர் கிட்டத்தட்ட பூஜ்யம். பிரமாதம்! ‘சிக்யூ, சிக்யூ’ என்று கூப்பிட்டார். ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று அர்த்தம்.

யாருமில்லை. மறுநாளும் இல்லை.

சூரியன் சரியில்லையோ? இந்த அலைகள் வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் தூர தேசம் போகின்றன. அந்த மண்டலத்தை உண்டாக்குவதே சூரியன். எதிரே தெரிகிற கொடைக்கானல் மலையில் 1901-லிருந்து சூரியனைக் கவனித்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகள் கூடினால் ஹாம்களுக்குக் கொண்டாட்டம். 2024-லோ புள்ளிகள் உச்சத்தில். பழியை அதன்மேல் போட வழியில்லை.

குற்றவாளி காலடியில் இருந்தது. நிற்கிற கம்பம் பாதி ஆன்டெனாதான். மறுபாதி தரை. எங்கள் ஊர்த் தரையோ காய்ந்த செம்மண்ணும் சரளையும். போன பவரில் பெரும்பகுதியை மண்ணே சூடாக்கித் தின்றுவிட்டது. திரும்பி வராததால் மீட்டர் ‘எல்லாம் சரி’ என்றது.

நான் பி.காம். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டால் கம்பெனி லாபத்தில் ஓடுகிறது என்றா அர்த்தம்?

இரண்டு பேரும் குனிந்து, சக்கரத்து ஆரம் மாதிரி 16 ஒயர்களை மண்ணில் கீறிப் பதித்தோம். வேடிக்கை என்ன தெரியுமா? மீட்டர் இப்போது முன்னைவிடக் கொஞ்சம் மோசமாகக் காட்டியது. ஆனால், அன்று சாயங்காலம் இந்தோனேசியாவிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது!

வாத்தியார் ஊர், பேர் எல்லாம் சொன்னார். முடிக்கும்போது ‘தேங்க் யூ’ என்றார். மறுபடி ‘தேங்க் யூ’. மூன்றாவது முறை குரல் கம்மியது. அந்த இந்தோனேசியாக்காரருக்கு எதற்கு இத்தனை நன்றி என்று புரிந்திருக்காது. அது இருபது வருடத்துப் பாக்கி.

ராத்திரி பெங்களூரிலிருந்து மகள் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. ‘‘ஏம்ப்பா, வெயில்ல மண்ணைத் தோண்டிக்கிட்டு... அதான் கைல போன் இருக்குல்ல?’’

வாத்தியார் சிரித்தார்.

‘‘அன்னைக்கும் இருந்துச்சேம்மா!’’